ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோர் வீல் போடுவது: மணலுக்கும் சேற்றுக்கும் இறங்குகிற பிக்கப்காரருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும்போது, பெரிய றோட்டை விட்டுக் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் தரை சட்டென்று மாறும். இந்தப் பக்கம் இறுகின கிறவல், அந்தப் பக்கம் கால் புதைகிற மணல். பிக்கப் அதற்குள் இறங்கி, பின் ரயர் இரண்டும் சுற்றிக் குழி தோண்டி, அக்சில் மணலில் குந்தின பிறகுதான் பலர் ஃபோர் வீல் லீவரைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. பின் சில்லு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போட்டால் உள்ளே பல் உடையவும் கூடும். ஃபோர் வீலை மணலுக்குள் போகமுதலே போடவேண்டும். வாகனம் நேராக உருண்டுகொண்டிருக்கும்போது, நாலு சில்லும் ஒரே வேகத்தில் சுற்றும்போது போடவேண்டும். இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் கைப்பழக்கம்.

இங்கே சொல்வது சாரதி தானே போட்டு எடுக்கிற, பார்ட் டைம் ஃபோர் வீல் வாகனங்களுக்கு: ஹைலக்ஸ், நவாரா, டி-மக்ஸ், எல்200, ஜிம்னி போன்றவற்றுக்கும், ஜப்பானிலிருந்து வந்த சின்ன ஃபோர் வீல் லொறிகளுக்கும். லீவராக இருந்தாலும் திருகுகிற சுவிச்சாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கியர் பொக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. 2எச்சில் (2H, பின் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கிற சாதாரண நிலை) எஞ்சினின் இழுவை அதற்கூடாக நேரே பின் அக்சிலுக்குப் போகும். 4எச்சுக்கு (4H, நாலு சில்லும் இழுக்கிற நிலை) மாற்றும்போது பெட்டிக்குள் பல்லுள்ள ஒரு வளையம் வழுக்கிப்போய், முன்பக்கத்துக்குப் போகிற ஷாஃப்டையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். கவ்வுகிற இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றினால் பல்லுக்குள் பல் சத்தமில்லாமல் இறங்கும். வேகம் வித்தியாசமாக இருந்தால் பல்லோடு பல் மோதி அரைபடும்.

புதிய பெட்டிகளில் 2எச்சுக்கும் 4எச்சுக்கும் இடையில் சிங்க்ரோ வளையம் உண்டு. சின்ன வேக வித்தியாசத்தை அது தானே சமன் செய்துகொள்ளும். ஓடும்போது போடலாம் என்று கொம்பனி எழுதுவது அந்த வளையத்தை நம்பித்தான். பின் சில்லு மணலில் வெறுமனே சுற்றும்போது, முன்பக்கம் நிற்க, பின்பக்கம் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற கணக்கு. எந்தச் சிங்க்ரோவாலும் அதைச் சமன் செய்ய முடியாது. அப்போது லீவரை அடித்துப் போடுகிறவர் பல்லை, செயினை, முன் டிபறென்சியலை (அக்சிலின் இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல் தொகுதி), முன் அக்சில் மூட்டுகளை எல்லாம் ஒரே அடியில் சோதிக்கிறார்.

முதலில் முன் சில்லின் நடுவைப் பாருங்கள்

எந்த வேகத்தில் போடலாம் என்பதை முன் சில்லின் ஹப்தான் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் லீவரைத் தொடக்கூடாது.

ஹப்பின் நடுவில், விரலால் திருகுகிற மாதிரி, பிறீ என்றும் லொக் என்றும் எழுதிய ஒரு திருகி இருந்தால் அது கையால் பூட்டுகிற பிறீ வீல் ஹப். பழைய ஹைலக்ஸ்களிலும் சின்ன லொறிகளிலும் காணலாம். திருகி பிறீயில் இருக்கும்போது முன் சில்லு தன்பாட்டுக்கு உருளும். முன் அக்சிலும் முன் ஷாஃப்டும் சும்மா நிற்கும். அந்த நிலையில் ஓடிக்கொண்டு லீவரைப் போட்டால், நிற்கிற ஷாஃப்டை ஓடுகிற ஷாஃப்டோடு கவ்வச் சொல்கிறீர்கள். அரைபடுகிற சத்தம் சீற்றுக்குக் கீழே கேட்கும். ஆகவே இந்த வகைக்கு, வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதோ தார் முடிகிற இடத்திலோ நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கத் திருகியையும் லொக்குக்குத் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டுவது பூட்டாததற்குச் சமன். பூட்டிவிட்டால் 2எச்சில் ஓடினாலும் முன் ஷாஃப்ட் சில்லோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும்; அதன்பிறகு ஓடும்போது 4எச் போடுவது மிகச் சுலபம். ஹப்பைப் பூட்டிக்கொண்டு 2எச்சில் தார் றோட்டில் ஓடினால் ஒன்றும் கெடாது. டீசல் கொஞ்சம் கூடப் போகும், முன்பக்கத்தில் மெல்லிய இரைச்சல் வரலாம், அவ்வளவுதான். மாரி காலத்தில் பூட்டினபடியே விட்டுவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

திருகி இல்லாமல் மொட்டையான மூடி மட்டும் இருந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று தானாகப் பூட்டுகிற ஹப்: 4எச் போட்டு முன் அக்சிலுக்கு இழுவை வந்ததும் உள்ளே பூட்டிக்கொள்ளும். இதில் பழைய வகைகளை நிறுத்திப் போடுவது அல்லது மிக மெதுவாக உருளும்போது போடுவதுதான் பாதுகாப்பு. திரும்ப விடுபட, 2எச்சுக்கு மாற்றி நிறுத்தி, ஒன்றிரண்டு மீற்றர் நேராகப் பின்னுக்கு எடுக்கவேண்டும். மற்றது ஏடிடி எனப்படுகிற வகை: சில்லு எப்போதும் அக்சிலோடு சேர்ந்திருக்கும், முன் டிபறென்சியலின் ஒரு பக்க ஷாஃப்டை வக்கியூமோ சின்ன மோட்டரோ இணைத்து விடுவிக்கும். பிந்திய ஹைலக்ஸ்களில் இதுதான். ஓடும்போது போடுவதற்கு மிகத் தோதான அமைப்பு இது.

சில விதிவிலக்குகளை இங்கேயே சொல்லிவிடுகிறோம். பழைய சீரிஸ் லான்ட் றோவரில் மஞ்சள் குமிழை அமத்தினால் 4எச் விழும், அதை ஓடும்போதும் அமத்தலாம். சிவப்புக் குமிழ் உள்ள லீவர் 4எல் (4L) என்கிற மெதுவான, இழுவை கூடிய கியருக்கு, அதை நிறுத்தித்தான் இழுக்கவேண்டும். டிஃபெண்டர் எப்போதுமே நாலு சில்லிலும் ஓடுகிற வாகனம். அதன் லீவர், முன் அக்சிலும் பின் அக்சிலும் வேறு வேறு வேகத்தில் ஓட விடுகிற நடு டிபறென்சியலைப் பூட்டவும் 4எல்லுக்கு மாற்றவும்தான். பஜிரோவிலும் சில எல்200களிலும் வருகிற சூப்பர் செலக்ட் அமைப்பில் நடு டிபறென்சியல் இருப்பதால், அதன் 4எச்சைக் காய்ந்த தாரிலும் பாவிக்கலாம். பூட்டு அடையாளம் உள்ள அடுத்த நிலையைத்தான் மணலுக்கும் சேற்றுக்கும் வைத்துக்கொள்ளவேண்டும். கீழே தார் றோட்டைப் பற்றிச் சொல்கிற எச்சரிக்கை இந்த நடு டிபறென்சியல் இல்லாத வாகனங்களுக்கே.

போடுகிற முறை

வேக எல்லை ஒவ்வொரு மொடலுக்கும் வேறு. எல்200இன் ஈசி செலக்டுக்கும் ஜிம்னிக்கும் மணிக்கு 100 கிலோமீற்றருக்குக் கீழே என்று கையேட்டில் இருக்கிறது. வேறு சிலவற்றில் எல்லை அதைவிடக் குறைவு. உங்கள் வாகனத்தின் எல்லை பெரும்பாலும் சாரதி பக்க வெயில் மறைப்பிலோ லீவருக்குப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும். எது எழுதியிருந்தாலும் 30 முதல் 50 வரையான வேகமே உகந்தது. எங்கள் மணல் ஒழுங்கைகளுக்கு அதைவிட வேகமாக இறங்கவேண்டிய தேவையும் இல்லை.

மணல் தொடங்க ஐம்பது அறுபது மீற்றர் இருக்கும்போதே ஆயத்தமாகுங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். வளைவில் போடவேண்டாம், வளைவில் முன் சில்லும் பின் சில்லும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் கூடாமல் குறையாமல் ஒரே சீராக உருளட்டும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். மனுவல் கியர் என்றால் அதே நேரத்தில் கிளச்சை அமத்தலாம்; சில வாகனங்களுக்கு அது தேவையில்லை, ஆனால் அமத்தினால் கேடும் இல்லை. எஞ்சின் வாகனத்தை இழுக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பல்லில் பாரம் இல்லாத அந்த ஒரு கணம்தான் வேண்டும்.

அந்தக் கணத்தில் லீவரை 2எச்சிலிருந்து 4எச்சுக்கு ஒரே இழுவையாக, உறுதியாக, அடிக்காமல் கொண்டுபோங்கள். பாதியில் நிறுத்திப் பார்ப்பது, தட்டித் தட்டித் தள்ளுவது இரண்டும் பல்லின் முனையைத் தேய்க்கும். உட்கார்ந்தால் கைக்குத் தெரியும்: சின்னதாக ஒரு தடக், பிறகு லீவர் அசையாமல் நிற்கும். கிளச்சை மெல்ல விட்டு, அக்சிலேற்றரை மெல்லக் கொடுங்கள். இரண்டு மூன்று செக்கனுக்குள் டாஷ்போர்ட்டில் பச்சையோ செம்மஞ்சளோ ஒரு லைற் எரியும்.

சுவிச் உள்ள வாகனத்தில் கையால் செய்வது சுவிச்சைத் திருப்புவது மட்டும். ஆனால் உள்ளே ஒரு மோட்டர் அதே வளையத்தைத்தான் தள்ளுகிறது. ஆகவே நேராக ஓடுவதும் காலை எடுப்பதும் அதற்கும் பொருந்தும். லைற் மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மினுங்கும்போது அக்சிலேற்றரை மிதிப்பதும், ஸ்டியரிங்கை வெட்டுவதும், சுவிச்சை மாறி மாறித் திருப்புவதும்தான் கனபேர் செய்கிற பிழை. நேராக ஓடிக்கொண்டு காலை ஒருமுறை எடுத்து ஒருமுறை மெல்லக் கொடுங்கள், பெரும்பாலும் பிடித்துவிடும்.

லைற் எரிகிறது என்பதற்காக முன் சில்லு இழுக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. கைத் திருகி ஹப் உள்ள வாகனத்தில் அந்த லைற்றுக்கான சுவிச் ட்ரான்ஸ்பர் பொக்ஸில் இருக்கிறது. ஹப் பிறீயில் கிடக்கிறதா லொக்கில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. லைற் வடிவாக எரிய, முன் ஷாஃப்ட் சுற்ற, முன் சில்லு மட்டும் சும்மா நிற்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். சமதரையில் நிறுத்தி ஹாண்ட் பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹப்பைப் பூட்டுங்கள். 4எச்சைப் போட்டு, லைற் எரிகிறதா என்று பார்த்து, எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் விடுங்கள். முன் சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கில் தரையை விட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சின்ன ஆட்டத்தோடு நின்றுவிட்டால் இணைப்பு சரி. சுகமாகச் சுற்றினால் ஹப்போ ஏடிடியோ பிடிக்கவில்லை. மற்றப் பக்கத்தையும் அதே மாதிரிப் பார்க்கவேண்டும்.

அரைபடுகிற சத்தம் வந்தால்

லீவரை உடனே 2எச்சுக்கு விடுங்கள். அழுத்திப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள். முதலில் ஹப் பூட்டியிருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தரம் அதுதான். பூட்டியிருந்தால் வேகத்தைப் பாதியாக்கி, நேரான இடத்தில் மறுபடி முயலுங்கள். அப்போதும் அரைபட்டால் நிறுத்திவிட்டுப் போடுங்கள். நின்ற நிலையில் லீவர் உள்ளே போகாமல் முட்டினால் பல்லின் முனையும் முனையும் எதிரெதிரே நிற்கின்றன. லீவரில் மெல்லிய அழுத்தம் வைத்துக்கொண்டு ஓரடி முன்னுக்கு உருட்டினால் தானாக விழும்.

ஓடும்போது ஒருநாளும் சரியாக விழாமல், நின்றால் மட்டும் விழுகிற வாகனத்தில் மூன்று இடம் பார்க்கவேண்டும். ஒன்று, சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். இரண்டு, பெட்டிக்குள் பிழையான ஒயில் இருக்கலாம். சில ட்ரான்ஸ்பர் பொக்ஸ்களுக்குக் கியர் ஒயில், சிலவற்றுக்கு ஓட்டோ கியர் ஒயில். ஒன்றுக்குரியதை மற்றதற்கு விட்டால் வளையம் பிடிக்காது. மூன்றாவதை ஒருவரும் பார்ப்பதில்லை: ரயர்.

முன்னுக்குப் பழைய ரயர், பின்னுக்குப் புது ரயர் என்று போட்டு ஓடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. புது ரயரின் பட்டை தேய்ந்த ரயரைவிட 6 மில்லிமீற்றர் தடிப்பு என்று வையுங்கள். சில்லின் ஆரை 350 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.7 வீதம், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் முன் சில்லும் பின் சில்லும் 17 மீற்றர் முரண்படுகின்றன. 2எச்சில் அது தெரியாது. 4எச்சில் அந்த 17 மீற்றரையும் ஏதோ ஒரு ரயர் வழுக்கித்தான் தீர்க்கவேண்டும். நாலு ரயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். ரயர்களை முன்பின் மாற்றிப்போடுவதை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை செய்தால் இந்தப் பிரச்சினை வராது.

காய்ந்த தாரில் ஏன் கூடாது

நடு டிபறென்சியல் இல்லாத வாகனத்தில் 4எச் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஆனால் திரும்பும்போது முன் அக்சில் பின் அக்சிலைவிடப் பெரிய வட்டத்தில் போகும். டபுள் கப் (இரண்டு வரிசை சீற்றுள்ள) பிக்கப் ஒன்றின் முன் பின் அக்சிலுக்கு இடையே ஏறக்குறைய 3 மீற்றர். பின் அக்சிலின் நடு 5 மீற்றர் ஆரையில் திரும்பினால் முன் அக்சிலின் நடு 5.83 மீற்றர் ஆரையில் போகும். சந்தியில் ஒரு கால்வட்டம் திரும்பி முடிக்கும்போது பின்பக்கம் 7.85 மீற்றரும் முன்பக்கம் 9.16 மீற்றரும் ஓடியிருக்கவேண்டும். அந்த 1.3 மீற்றர் வித்தியாசத்தை மணலிலும் சேற்றிலும் ரயர் வழுக்கித் தீர்த்துவிடும். காய்ந்த தார் வழுக்க விடாது. ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி ஷாஃப்டும் பல்லும் முறுகிக்கொண்டு நிற்கும். ஸ்டியரிங் கல்லாகும், வாகனம் பிறேக் பிடித்த மாதிரி இழுபடும், ரயர் கத்தும். அதோடு தொடர்ந்து ஓடினால் செயின் நீளும், முன் அக்சில் மூட்டு உடையும்.

மழை பெய்து நனைந்த தாருக்கும் இது பொருந்தும். வெள்ளம் ஓடுகிற இடத்தில் நேராகப் போகப் போடலாம். சந்தியில் திரும்பமுதல் எடுத்துவிடவேண்டும். ஃபோர் வீல் போட்டால் பிறேக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இழுப்பதற்குத்தான் அது உதவும், நிறுத்துவதற்கு உதவாது.

திரும்ப எடுப்பது

4எச்சிலிருந்து 2எச்சுக்கு எடுப்பதும் அதே முறை: நேராக ஓடிக்கொண்டு, காலை எடுத்து, ஒரே இழுவை. தாரில் ஏறி அரைக் கிலோமீற்றர் ஓடிய பிறகு ஞாபகம் வந்து இழுப்பதைவிட, மணல் முடிந்து இறுகின தரை வருகிற இடத்திலேயே எடுப்பது நல்லது.

லீவர் அசையாவிட்டாலோ, லீவர் வந்தும் லைற் அணையாவிட்டாலோ உள்ளே முறுக்கு நிற்கிறது. அடித்து இழுக்கவேண்டாம். வாகனத்தை நிறுத்தி, லீவரை 2எச்சில் வைத்தபடி நேராக நாலைந்து மீற்றர் பின்னுக்கு எடுங்கள். பெரும்பாலும் ஒரு டக் சத்தத்தோடு விட்டுவிடும். விடாவிட்டால் றோட்டோரத்து மண்ணில் இரண்டு சில்லை இறக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஒருமுறை போங்கள். வழுக்குகிற தரை கிடைத்ததும் முறுக்கு அவிழும். அதற்கும் விடாமல் லீவரே இறுகி நின்றால் உள் இணைப்புக் கம்பி துருப்பிடித்திருக்கும். கராச்சுக்குக் கொண்டுபோகவேண்டிய வேலை அது.

4எல்லை ஓடும்போது போடாதீர்கள்

4எல் வேறு கியர். அதில் ஒரே எஞ்சின் வேகத்துக்கு வாகனம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாகப் போகும். இழுவை அந்த அளவுக்குக் கூடும். பெரும்பாலான பெட்டிகளில் இதற்குச் சிங்க்ரோ இல்லை. ஆகவே முற்றாக நிறுத்துங்கள். மனுவல் என்றால் கிளச்சை முழுதாக அமத்தி, ஓட்டோ என்றால் கியரை நியூட்றலில் விட்டு, பிறேக்கை மிதித்தபடி லீவரை 4எல்லுக்குக் கொண்டுபோங்கள். சில லீவர்களைக் கீழே அமத்தித்தான் தள்ளமுடியும்; தெரியாமல் விழுந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விழாவிட்டால் கியரை நியூட்றலில் விட்டு, கிளச்சை ஒருதரம் விட்டு மறுபடி அமத்தி முயலுங்கள்.

4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் ‘N’ (நியூட்றல்) என்று ஒரு நிலை இருக்கிறது. இது உயிராபத்தான இடம். லீவர் அதில் நின்றால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் விட்டாலும் ஓட்டோவில் பார்க்கிங் போட்டாலும் வாகனம் சரிவில் உருளும். புதைந்த வாகனத்துக்கு முன்னால் ஆள் குந்தியிருந்து மணல் அள்ளும்போது ஹாண்ட் பிறேக் கட்டாயம்.

தரையைப் படிப்பது

மணற்காடு, அம்பன், நாகர்கோவில், தாளையடி, வெற்றிலைக்கேணி என்று கிழக்குக் கரை முழுக்க மணல்தான், ஆனால் ஒரே மணல் இல்லை. அலை நனைக்கிற ஓரம் இறுகியிருக்கும். அதற்கு மேலே காய்ந்த வெள்ளை மணல்தான் விழுங்கும். மணற்காட்டுச் சவுக்கங்காட்டுப் பக்கம் காற்று வீசுகிற மாதங்களில் றோட்டின் மேலேயே மணல் வந்து படுத்திருக்கும். தார் என்று நம்பிப் போகிற வாகனத்துக்குக் கீழே அரையடி மணல். மேடாகக் குவிந்த மணற்குன்றுகளில் வாகனம் ஏற்றவேண்டாம். அவற்றைப் பிடித்து வைத்திருக்கிற கொடியையும் புல்லையும் சில்லு அறுத்தால் அடுத்த காற்றுக்கு அந்த மணல் ஊருக்குள் வரும்.

மணலுக்கு ஃபோர் வீலைவிட முக்கியம் ரயரில் காற்றைக் குறைப்பது. 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை இருக்கிற ரயரை 18 முதல் 20க்கு இறக்கினால், ரயர் நீளமாகப் படுத்து மணலின் மேலே நிற்கும். மீன் பெட்டி ஏற்றிய வாகனத்தில் பின்னுக்குச் சற்றுக் கூட வையுங்கள். இறக்கின பிறகு மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாரில் ஏறமுதல் திரும்ப அடிக்க, பற்றரியில் வேலை செய்கிற சின்னக் காற்றுப் பம்ப் வாகனத்தில் இருக்கவேண்டும்.

4எச்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஒரே சீராகப் போங்கள். நடு மணலில் கியர் மாற்றப் போனால் அந்த இடைவெளியில் வாகனம் நின்றுவிடும். நிறுத்தவேண்டுமானால் பிறேக்கை அமத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிறேக் பிடித்தால் சில்லுக்கு முன்னால் மணல் வரம்பு கட்டிக்கொள்ளும், திரும்ப எடுப்பது கஷ்டம். சில்லு சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். மிதிக்க மிதிக்க ஆழம்தான் கூடும். வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுப்பதுதான் முதல் வழி. அது சரிவராவிட்டால் நாலு சில்லுக்கும் முன்னால் மணலைச் சரிவாக அள்ளி, காவோலையை ரயருக்குக் கீழே குறுக்காகச் செருகி, 4எல் இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். கருக்கு மட்டையை அப்படியே செருகவேண்டாம்; காற்றுக் குறைத்து உப்பியிருக்கிற ரயரின் பக்கச் சுவரை அது கிழிக்கலாம். சில்லு பிடிக்கும்போது ஓலை பின்னுக்குப் பறக்கும், ஆகவே ஒருவரும் பின்னால் நிற்கக்கூடாது.

நாலு சில்லும் இழுக்கிறது என்றாலும் ஒரு கணக்கை நினைவில் வைத்திருங்கள். சாதாரண டிபறென்சியல் இழுவையைச் சுகமாகச் சுற்றுகிற பக்கத்துக்கே விட்டுவிடும். முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றும் சுற்றினால் ஃபோர் வீல் போட்ட வாகனமும் நிற்கும். பின் டிபறென்சியல் பூட்டு உள்ள வாகனம் என்றால் அதை நேராகப் போகும்போது மட்டும் போட்டு, வெளியே வந்தவுடன் எடுங்கள்.

தென்மராட்சி வயல்கரைகளிலும் கிளிநொச்சிப் பக்கத்து வயல் றோட்டுகளிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை களிமண் வேறு மாதிரி வேலை காட்டும். அங்கே காற்றை அதிகம் குறைக்கவேண்டாம். ரயரின் வெட்டு களியைக் கிழித்து அடியில் உள்ள இறுகின தரையைத் தொடவேண்டும். சேறு தொடங்கமுதல் 4எச், பிறகு ஒரே வேகம்.

கடல் நீரேரிக் கரையிலுள்ள வெளிகள்தான் மிகப் பொல்லாதவை. மேலே உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்த ஓடு. கீழே கறுத்த சேறு. அந்த ஓடு ஆளைத் தாங்கும், இரண்டு தொன் பிக்கப்பைத் தாங்காது. இறங்கிப் போய்க் குதிக்காலால் இரண்டு மூன்று தரம் அமத்திப் பாருங்கள். குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தால், அல்லது ஓடு வெடித்துக் கறுப்புச் சேறு எட்டிப் பார்த்தால், எந்தக் கியரிலும் போகாதீர்கள். அங்கே இறங்குகிற வாகனத்தை எடுக்க வருகிற ரக்ரரும் சேர்ந்து புதையும்.

உப்பும் சும்மா கிடப்பதும்

எங்கள் ஊரில் ஃபோர் வீல் வேலை செய்யாமல் போவதற்குப் பாவித்துத் தேய்ந்ததைவிடப் பாவிக்காமல் இறுகினதே பெரிய காரணம். மாசியிலிருந்து புரட்டாதி வரை லீவரில் கையே வைக்காமல், கார்த்திகை வெள்ளத்தில் இழுத்தால் அது வராது. முன் டிபறென்சியலும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் முன்பக்கமும் சுற்றினால்தான் ஒயில் எல்லா இடமும் போகும். மாதம் ஒருமுறை குறைந்தது 16 கிலோமீற்றராவது ஃபோர் வீலில் ஓடவேண்டும் என்று டொயோட்டாக் கையேடு சொல்கிறது. அதற்குத் தார் றோட்டை எடுக்காதீர்கள். கிறவல் றோட்டோ செம்மண் ஒழுங்கையோ மணலோ போதும். அந்த ஓட்டத்திலேயே ஓடும்போது போட்டு எடுக்கிற பழக்கமும் கைக்கு வந்துவிடும்.

கடற்கரைக்குப் போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவின கதை. முன் டிபறென்சியலில் உள்ள ஏடிடி மோட்டரும் அதன் வயர் சொக்கற்றும், வக்கியூம் வகை என்றால் எலி கடித்தும் வெயிலில் வெடித்தும் போகிற அந்த மெல்லிய றப்பர் குழாய்களும்தான் முதலில் பழுதாகும். லைற் மினுங்கி நிற்காத வாகனத்தில் மெக்கானிக் பெட்டியைக் கழற்றமுதல் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க் குழாய்க்காகப் பெட்டியை இறக்கிவிடுகிறார்கள்.

கைத் திருகி ஹப்பை வருடம் ஒருமுறை கழற்றித் துடைத்து, மெல்லிய கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். கிறீஸை அடைத்து நிரப்பக்கூடாது. நிரப்பினால் உள்ளே உள்ள வளையம் நகராமல் பாதிப் பூட்டில் நின்று பல்லைச் சாப்பிடும்.

சில்லின் நடு மட்டத்துக்கு மேல் வெள்ளத்தில் ஓடியிருந்தால் அடுத்த நாளே இரண்டு டிபறென்சியலினதும் ட்ரான்ஸ்பர் பொக்ஸினதும் ஒயிலைப் பாருங்கள். சூடான பெட்டி தண்ணீருக்குள் இறங்கிக் குளிரும்போது மூச்சுக் குழாயாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சும். நிரப்பு நட்டைக் கழற்றிச் சின்னி விரலை விட்டுத் தொட்டால் போதும்: ஒயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ இருந்தால் பரவாயில்லை, பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றவேண்டும். நிரப்பு நட்டைக் கழற்றமுதல் வடிகால் நட்டைக் கழற்றாதீர்கள். உப்புக் காற்றில் நிரப்பு நட்டு இறுகியிருந்தால், இருந்த ஒயிலும் போய்ப் புதிதாக விடவும் வழியில்லாமல் வாகனம் அப்படியே நிற்கும்.